பண்ருட்டிப் பலாவில் ஒரு யுகுலேலே

உங்க வீட்ல ஒரு கிட்டார் இருந்தா, கொஞ்சம் எடுத்துத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் கரும்பழுப்பு நிறத்துல, ஊதா கலந்த கோடுகளோட இருந்தா, அது பெரும்பாலும் ரோஸ்வுட். இல்லைன்னா ரோஸ்வுட் மாதிரி காட்டுறதுக்காக ஒட்டின மெல்லிய தோல். கடைக்காரங்க அதை 'இண்டியன் ரோஸ்வுட்'னு சொல்லி விப்பாங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் ஈட்டி. தோதகத்தின்னும் சொல்வாங்க. நீலகிரி, வயநாடு, குடகு மலைகள்ல வளர்ற மரம்.

ஒரு காலத்துல உலகத்தோட நல்ல கிட்டார்கள் பிரேசில் ரோஸ்வுட்லதான் வந்தது. 1960-கள் முடியுற நேரத்துல அந்த மரத்தைக் கட்டையா வெளிய அனுப்புறதை பிரேசில் நிறுத்தினதும், கிட்டார் கம்பெனிகள் நம்ம பக்கம் திரும்பினாங்க. அமெரிக்காவோட மார்ட்டின் கம்பெனி 1969-ல இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிச்சு. அதுக்கப்புறம் உலகம் பூரா எத்தனையோ பாட்டுக்குப் பின்னாடி நம்ம மலை மரம் அதிர்ந்துக்கிட்டு இருக்கு. ஆனா நம்ம ஊர்ப் பையனோ பொண்ணோ முதல் கிட்டார் வாங்கும்போது, அது எங்கேயோ ஒரு தொழிற்சாலையில செஞ்சு, கப்பல்ல வந்து இறங்கினதா இருக்கும்.

நான் சென்னை அம்பத்தூர்ல 12-க்கு 20 அடி ஷெட் ஒண்ணுல கிட்டாரும் யுகுலேலேயும் செய்றேன். கூட ஒரு அண்ணன் இருக்காரு. முப்பது வருஷமா கதவு, ஜன்னல், கட்டில் செஞ்ச கை. நாங்க ரெண்டு பேர்தான் மொத்தக் கம்பெனி. இந்த வேலை எப்படி நடக்குது, இதுல சோறு கிடைக்குமா, எல்லாத்தையும் இன்னைக்குச் சொல்றேன்.

நாலு கம்பி வந்த கதை

யுகுலேலேன்னா ஹவாய்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதோட தாத்தா போர்ச்சுகலோட மதேரா தீவுலேர்ந்து வந்தவர். 1879 ஆகஸ்ட்ல 'ரேவன்ஸ்கிராக்'னு ஒரு கப்பல் ஹொனலுலுவுல வந்து நின்னுச்சு. மதேராவுலேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்தவங்க அதுல இருந்தாங்க. அவங்கள்ல மூணு பேர் மரவேலைக்காரங்க. மனுவேல் நூனஸ், அகஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ. ஒப்பந்த வேலை முடிஞ்சதும் மூணு பேரும் ஹொனலுலுவுல மேஜை நாற்காலியோட சேர்த்து, அவங்க ஊர் சின்ன வாத்தியத்தையும் செய்ய ஆரம்பிச்சாங்க. கையில கிடைச்ச மரத்துல செஞ்சாங்க. அந்த ஊர்ல கிடைச்ச நல்ல மரம் கோவா. யுகுலேலேன்னாலே கோவான்னு ஆனது அப்படித்தான்.

கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப்போன கதை நமக்குப் புதுசு இல்ல. ஆனா எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. அவங்க தங்களோட ஊர் மரத்துக்காகக் காத்திருக்கல. போன இடத்து மரத்தைத் தட்டிப் பார்த்து, அதோட குணத்துக்கு ஏத்த மாதிரி வேலையை மாத்திக்கிட்டாங்க.

ஸ்பெயின்ல அந்தோனியோ தெ தோரெஸ்னு ஒருத்தர் இருந்தாரு. இன்னைக்கு நாம பார்க்கிற கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர். அவர் 1862-ல ஒரு கிட்டார் செஞ்சாரு. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பக்கமும் முதுகும் வெறும் காகிதக் கூழ் அட்டை. சத்தத்தைத் தீர்மானிக்கிறது மேல்பலகைதான்னு காட்டுறதுக்காகச் செஞ்சது. முதுகும் பக்கமும் சும்மான்னு சொல்ல வரல, அதுங்களும் சத்தத்தோட நிறத்தை மாத்தும். ஆனா முதுகுக்கு ரோஸ்வுட்டே வேணும், இல்லைன்னா கிட்டாரே இல்லைங்கிறது உண்மை இல்ல.

ஈட்டியை நினைச்ச மாதிரி வாங்கவும் முடியாது, வாங்கவும் கூடாது. தமிழ்நாட்டுல அந்த மரத்தைக் காப்பாத்துறதுக்குன்னே 1994-ல ஒரு சட்டம் போட்டாங்க. உலக அளவுல 2017 ஜனவரியிலேர்ந்து ரோஸ்வுட் குடும்பம் முழுக்கக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்துச்சு. ஒரு கிட்டாரை வெளிநாட்டுக்கு விக்கணும்னாக்கூட பர்மிட் வேணும்னு ஆச்சு. 2019 கடைசியில, செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் அதைத் தளர்த்தினாங்க. நான் ஈட்டி வேணும்னா, இடிச்ச வீட்டு சாமான் விக்கிற கடைக்குத்தான் போவேன். பழைய கட்டிலோட தலைமாட்டுப் பலகை, பீரோ கதவு. அறுபது எழுபது வருஷம் காய்ஞ்ச மரம், பில்லோட கிடைக்கும்.

பரண்ல கிடந்த பலகை

போன வருஷம் நொளம்பூர்லேர்ந்து ஒரு தம்பி வந்தாரு. ஐ.டி. வேலை. கையில கோணி சுத்தின ஒரு பலகை. 'அண்ணா, இதுல ஒரு கிட்டார் செஞ்சு தர முடியுமா?'ன்னாரு.

பிரிச்சுப் பார்த்தா பலா. நாலடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். அவங்க சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் வந்தப்போ கடலூர் மாவட்டத்துல பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சது உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கும். இவங்க வீட்டுக் கொல்லையில தாத்தா வெச்ச மரம் ஒண்ணும் அப்போ விழுந்துடுச்சு. பாதியை வித்துட்டு, மீதியை அறுத்து அவங்க அப்பா பரண்ல போட்டு வெச்சிருக்காரு. நிலைவாசலுக்குன்னு வெச்சது. வீடு கட்டவே இல்ல. கடைசியா மிஞ்சினது இந்த ஒரு பலகை.

பலா வாத்தியத்துக்குப் புது மரம் இல்ல. தஞ்சாவூர் வீணை பலாவுல செய்றதுதான். மிருதங்கத்துக்கும் பலாதான். எடையில கோவாவுக்கும் பலாவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பன்னெண்டு வருஷம் பரண்ல மெதுவாக் காய்ஞ்ச பலகையை நான் தேடினாலும் வாங்க முடியாது. எல்லாம் சரி. ஆனா பலகையோட நடுவுல, ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும் நீளமா ஒரு வெடிப்பு. வெடிப்பைத் தள்ளிட்டா, சுத்தமா கிடைக்கிறது அஞ்சரை அங்குல அகலம்.

கிட்டாரோட முதுகு ரெண்டு துண்டா ஒட்டுறது. ஒரு பலகையைப் புத்தகம் மாதிரி பிளந்து விரிச்சா, இடமும் வலமும் ரேகை கண்ணாடியில பார்த்த மாதிரி பொருந்தும். அதுக்கு ஒவ்வொரு துண்டும் எட்டு அங்குலம் இருக்கணும். இதுல வராது. பக்கப் பலகைக்கும் கிட்டாருக்கு ரெண்டரை அடிக்கு மேல நீளம் வேணும். அதே சமயம் டெனார் யுகுலேலேவுக்கு அஞ்சு அங்குலத் துண்டு ரெண்டு இருந்தாப் போதும்.

'தம்பி, கிட்டார் வராது. நாலஞ்சு துண்டா ஒட்டிச் செய்யலாம், ஆனா அது உங்க மரமா தெரியாது, பேட்ச் வொர்க்காத்தான் தெரியும். யுகுலேலே செஞ்சா மேலே, கீழே, பக்கம் எல்லாமே இந்த ஒரு பலகையிலேர்ந்தே வரும்'னேன். அவருக்கு முகம் வாடிடுச்சு. அவர் வாசிக்கிறது கிட்டார். ரெண்டு நாள் டைம் கேட்டாரு. அப்புறம் போன் பண்ணி, 'யுகுலேலேவே செய்ங்கண்ணா. என் பொண்ணுக்கு இப்ப நாலு வயசு. அவ கைக்கு அதுதான் சரியா வரும்'னு சொன்னாரு.

உடைஞ்சா வேற இல்ல

முதல் வேலை, பலகையை மூன்றரை மில்லிமீட்டர் ஏடுகளா அறுக்கிறது. அப்புறம் இழைக்கிறது. பலாவுல ரேகை ஒரே பக்கமா ஓடாது, பின்னிப் பின்னி ஓடும். இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு இடத்துல செதில் பேர்த்துக்கிட்டு வரும். அதனால கடைசி ஒரு மில்லிமீட்டரை இழைப்புளி வெச்சு எடுக்க மாட்டோம். சுரண்டித் தகட்டால சுரண்டிச் சுரண்டி எடுக்கணும். இந்த வேலை எங்க அண்ணனோடது. அவர் கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவியே எங்க மேடு, எங்க பள்ளம்னு சொல்லிடுவாரு.

மேல்பலகையை எவ்வளவு மெலிசாக்கணும்ங்கிறதுதான் இந்த வேலையோட உயிர். கனமா இருந்தா சத்தம் உள்ளயே அடங்கிப் போயிடும். ரொம்ப மெலிசானா கம்பி இழுக்குற இழுப்புல தொப்பை போடும். ஸ்டீல் கம்பி கிட்டார்ல ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும். யுகுலேலேவோட நாலு நைலான் கம்பி சுமார் 20 கிலோ. அதனால யுகுலேலே பலகையை ரெண்டு மில்லிமீட்டருக்கும் கீழ கொண்டு போகலாம். ஆனா நம்பரை மட்டும் நம்ப முடியாது. ஒரே மரத்துல ரெண்டு பலகை எடுத்தாலும் ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்காது. கொஞ்சம் சுரண்டு, விரல் ரெண்டால தொங்கவிட்டுப் பிடி, தட்டு, கேளு. முதல்ல 'டொக்'னு அட்டையைத் தட்டின மாதிரி இருக்கும். ஒரு கட்டத்துல 'டங்'னு ஒரு சுருதி எழுந்து கொஞ்ச நேரம் நிக்கும். அங்க நிறுத்தணும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. இந்தப் பலா 1.8-ல நின்னுச்சு.

அடுத்தது வளைக்கிறது. பக்கப் பலகையை ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியால துடைச்சு, சூடான குழாய் மேல வெச்சு அழுத்தணும். குழாய் 150 டிகிரி பக்கத்துல இருக்கும். மரத்தோட நாரை ஒட்டிப் பிடிச்சிருக்கிற லிக்னின்ங்கிற பொருள் அந்தச் சூட்டுல இளகும். அது இளகுறது கைக்குத் தெரியும். அதுவரைக்கும் முறுக்கிக்கிட்டு நின்ன பலகை, திடீர்னு 'சரி, வரேன்'னு விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டா 'சடக்'. இடுப்பு வளைவுலதான் அதிகமா உடையும்.

எங்ககிட்ட பக்கத்துக்குத் தகுதியான ஏடு சரியா ரெண்டே ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு போனா, அந்த மரத்துல வேற கிடையாது. தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். லீவு போட்டுட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. முதல் ஏடு நல்லபடியா வளைஞ்சுது. ரெண்டாவதுல இடுப்புக்குப் பக்கத்துல ரேகை குறுக்கே ஓடுற இடம் ஒண்ணு இருந்துச்சு. அண்ணன் அதை விரலால தடவிப் பார்த்துட்டு, ஒரு மெல்லிய தகரப் பட்டையை வெளிப்பக்கம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாரு. வளையும்போது நார் கிழியுறது வெளிப்பக்கத்துலதான். தகரம் அதை அமுக்கிப் பிடிக்கும். பத்து நிமிஷத்துல முடிய வேண்டிய வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. மூணு பேரும் பேசவே இல்ல. அச்சுல வெச்சுக் கிளாம்ப் போட்டதுக்கு அப்புறம்தான் தம்பி 'டீ சொல்லட்டுமாண்ணா?'ன்னு கேட்டாரு.

சென்னைக் காத்து

மரம் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். நீளவாக்குல பெரிசா அசையாது, அகலவாக்குல அசையும். சென்னையில காத்துல ஈரப்பதம் சாதாரணமாவே 70, 75 சதவீதம் இருக்கும். அந்த ஈரத்துல ஒரு கிட்டாரை ஒட்டி, அதை நாள் முழுக்க ஏ.சி. ஓடுற ரூம்லயோ, டெல்லி கோடையிலயோ கொண்டுபோய் வெச்சா, 40 சென்டிமீட்டர் அகல மேல்பலகை ரெண்டு மூணு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். ஓரத்துல ஒட்டியிருக்கிறதால சுருங்க இடம் இருக்காது. வெடிக்கும்.

அதனால ஷெட்ல ஒரு மூலையைத் தடுத்து, ஈரத்தை இழுக்குற மெஷின் போட்டு, 45-லேர்ந்து 50 சதவீதத்துல வெச்சிருக்கேன். ஒட்டுற வேலை எல்லாம் அந்த அறையிலதான். வறண்ட நிலையில ஒட்டின வாத்தியம் சென்னை ஈரத்துல கொஞ்சம் உப்பும், கம்பி கொஞ்சம் ஒசரும். அதைச் சரி பண்ணிடலாம். வெடிச்சதைத்தான் பழையபடி ஆக்க முடியாது.

பூச்சுக்கு அரக்கு. ஜார்கண்ட், சத்தீஸ்கர் காடுகள்ல சின்னப் பூச்சி மரக்கிளையில விட்டுட்டுப் போறது. அதை ஸ்பிரிட்ல கரைச்சு, துணிப் பொட்டலத்தால வட்டம் வட்டமாத் தேய்ச்சா அதுதான் 'பிரெஞ்ச் பாலிஷ்'. பேரு பிரெஞ்ச், சரக்கு நம்மளது. வேர்வை பட்டா சீக்கிரம் மங்கும்ங்கிறது இதோட குறை. ஆனா மங்கின இடத்துல மட்டும் திரும்பத் தேய்ச்சுக்கலாம்.

கணக்கு

'ஆன்லைன்ல 2,500 ரூபாய்க்கு யுகுலேலே கிடைக்குது, நீங்க ஏன் 26,000 சொல்றீங்க?' மாசத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க. நியாயமான கேள்வி. கணக்கைத் திறந்து சொல்லிடறேன்.

ஒரு யுகுலேலேவுக்கு எனக்கு 60 மணி நேரம் ஆகுது, கிட்டாருக்கு 150. யுகுலேலேவுல மரம், கம்பி முறுக்குற சாவி, ஃப்ரெட் கம்பி, பசை எல்லாம் 6,000. மீதி 20,000. கிட்டார் 70,000-க்குக் கொடுக்கிறேன், சாமான் 22,000 போக 48,000 நிக்கும். வருஷத்துக்குப் பத்து யுகுலேலே, அஞ்சு கிட்டார் செஞ்சா 4,40,000. வாடகை மாசம் 12,000, கரண்ட் 3,500. அது போக எனக்கு மாசம் 21,000 சொச்சம். அண்ணனோட சம்பளம் ரிப்பேர் வேலையிலேர்ந்து வருது. உண்மையைச் சொன்னா ஷெட்டைத் தூக்கி நிறுத்துறது ரிப்பேர்தான். வெயில்ல கார்க்குள்ள விட்டுட்டுப் போய், பசை இளகி பிரிட்ஜ் பேர்ந்து வர்ற கிட்டார்கள் ஏப்ரல், மே மாசம் வரிசையில நிக்கும்.

அதனால 'வேலையை விட்டுட்டு பேஷனைத் தேடிப் போங்க'ன்னு நான் சொல்ல மாட்டேன். கத்துக்கணும்னு ஆசை இருந்தா சனி, ஞாயிறுல ஒரு தச்சுப் பட்டறையில போய் உளி தீட்டக் கத்துக்கோங்க. ஆறு மாசம் தீட்டினதுக்கு அப்புறமும் பிடிச்சிருந்தா மேல யோசிக்கலாம்.

முதல் யுகுலேலே கையால செஞ்சதாத்தான் இருக்கணும்னும் அவசியம் இல்ல. ப்ளைவுட் மாதிரி ஏடு ஒட்டிச் செஞ்சது நம்ம ஊர் ஈரத்துல சீக்கிரம் வெடிக்காது. ஆரம்பிக்கிறவங்களுக்கு அது நல்லது. வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. பன்னெண்டாவது ஃப்ரெட்ல அழுத்தி மீட்டுற சத்தமும், அதே இடத்துல கம்பியை லேசாத் தொட்டு மீட்டுற சத்தமும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா அந்த வாத்தியம் எப்பவும் சுருதி சேராது. அப்புறம் ஓட்டை வழியா உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. முதுகுல வெளிய இருக்கிற ரேகையே உள்ளயும் தெரிஞ்சா முழு மரம். வேற ரேகை தெரிஞ்சா ஏடு ஒட்டினது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, முழு மரத்து விலை மட்டும் கொடுக்காதீங்க.

அந்தப் பலா யுகுலேலே ஏழு வாரத்துல முடிஞ்சுது. வாங்கிட்டுப் போக தம்பியோட அவங்க அப்பாவும் ஊர்லேர்ந்து வந்திருந்தாரு. வேட்டி, தோள்ல துண்டு. கிட்டாரும் தெரியாது, யுகுலேலேவும் தெரியாது அவருக்கு. பொண்ணு வாங்கி நாலு கம்பியையும் ஒரேயடியா இழுத்து விட்டா. அவர் சிரிச்சுட்டு, அவ கையிலேர்ந்து வாங்கிக் கவுத்துப் போட்டு, முட்டியால முதுகுல ரெண்டு தட்டு தட்டினாரு. பலாப்பழம் பழுத்திருக்கான்னு தட்டிப் பார்ப்பாங்க இல்லையா, அதே தட்டு. காதை வெச்சுக் கேட்டாரு. 'மரம் நல்லா முத்தினது தம்பி. எங்கப்பா வெச்சது'ன்னு என்கிட்ட சொன்னாரு. நான் ஏழு வாரமா காதை வெச்சுக் கேட்டதை அவர் ரெண்டு தட்டுல கேட்டுட்டாரு.

வெடிப்புக்கு அந்தப் பக்கம் மிஞ்சின மூணு அங்குலப் பட்டையை அவர் திரும்ப எடுத்துட்டுப் போகல. 'வெச்சுக்கோங்க, எதுக்காவது ஆகும்'னாரு. ஷெட்ல மேல்தட்டுல இருக்கு. ஒரு யுகுலேலேவோட கழுத்துக்குச் சரியா வரும்.

உங்க வீட்டு வாத்தியத்தைக் கார்ல விட்டுட்டு வராதீங்க. மழைக்காலத்துல உறைக்குள்ள போட்டு வைங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.